இருபது கிலோ மூட்டையும் எர்லாங்கன் சைக்கிள்களும்

ஜெர்மனி போய் வந்தேன் என்று சொன்னால், கோட்டை பார்த்தாயா, பனி பார்த்தாயா என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது பதினொரு மளிகைக் கடை. அதற்குமேல் பார்க்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. கோவில்பட்டியில் ஒன்று, சாத்தூரில் ஒன்று, எட்டயபுரத்தில் ஒன்று என்று மூன்று கடை வைத்திருப்பவளுக்கு வேறு எது கண்ணில் படும்?

போன காரியம் இதுதான். டுசல்டோர்ஃபில் கடை வைத்திருக்கும் சிவபாலன் அண்ணாச்சி பல வருடமாக எங்களிடம் அப்பளம், வத்தல், இட்லிப் பொடி வாங்குகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே எல்லோரும் அவரை அண்ணை என்கிறார்கள். கடைக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. தெற்கே எர்லாங்கன் என்ற ஊரில் தமிழ்நாட்டு இன்ஜினியர்கள் நிறைய இருக்கிறார்கள், அங்கே இரண்டாவது கடை போடலாம், சரக்கு உங்களுடையது, போர்டில் உங்கள் கடைப் பெயரும் இருக்கட்டும், ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்.

கட்டடம் பார்த்து வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கட்டடக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் அண்ணாச்சி அந்த ஊருக்கே குடிபோக வேண்டும். முப்பது வருடமாக நின்ற டுசல்டோர்ஃப் கடையை மச்சான் கையில் விட வேண்டும்.

நான் என்ன சொல்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெர்மனியில் நம் போர்டு தொங்கப்போகிறது என்று விமானம் ஏறும் முன்பே ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்கு என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இறங்கினேன். அண்ணாச்சியின் மனைவி ரஞ்சி அக்கா சிவப்பரிசிப் புட்டும் சொதியும் போட்டார். பசி ருசி அறியாது என்பார்கள். ஆனால் எனக்கு அன்று ருசியும் நன்றாகவே தெரிந்தது, மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எர்லாங்கன் கடையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “நான் ஒண்டும் சொல்லமாட்டன் செல்வி. அது அவரின்ர விருப்பம்” என்று சொல்லிவிட்டுச் சொதிச் சட்டியை மூடினார். மூடிய சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை முழுவதும் அண்ணாச்சி என்னை ஜெர்மன்காரர்களின் கடைகளுக்குக் கூட்டிப்போனார். முதல் கடையிலேயே வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். பில் போடும் பெண் உட்கார்ந்திருக்கிறாள்! உட்கார்ந்தபடியே அவள் சாமான்களைத் தள்ளும் வேகத்தில், பைக்குள் எடுத்துப் போட என் இரண்டு கை போதவில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். “ஊர் சுத்திப் பாக்க வந்தவவோ எண்டு கேக்கிறார்” என்று அண்ணாச்சி சிரித்தார். எங்கள் கடைப் பெண்பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பில் போடுகிறார்கள். அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஆறு ஸ்டூல் வாங்கிப் போடச் சொன்னேன். “ஜெர்மனி போயி ஸ்டூலைத்தான் கண்டுபிடிச்சியா?” என்றார். வாங்கிப்போட்டுவிட்டார், அது வேறு விஷயம்.

டுசல்டோர்ஃப்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் கடுகு விழுதின்மேல் அப்படி ஒரு பெருமை. தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளத் தந்தார்கள். எங்களுக்கா காரம் என்று விரல் நிறைய எடுத்து வாயில் போட்டேன். மூக்கு வழியாக உயிர் போய்த் திரும்பி வந்தது. தெற்கே போனால் இதை இந்த அளவுக்கு யாரும் கொண்டாடமாட்டார்கள் என்றார் அண்ணாச்சி. பல கடைகளின் பெயர்ப் பலகைகூட அங்கே கிடையாதாம். இருநூறு மைல் போனால் வேறு பெயர், வேறு தயிர், வேறு ரொட்டி. பெயர் ஒன்றாக இருக்கும் கடையிலும் உள்ளே பாதிச் சரக்கு அந்தந்த ஊருடையதாம். இவ்வளவு பணமும் ரோடும் உள்ள நாட்டில், ஒருவனாவது முழு நாட்டையும் ஒரே மாதிரி வளைத்துப் போட்டிருக்க வேண்டாமா என்று எனக்கு ஆச்சரியம். கையாலாகாதவர்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அண்ணாச்சியின் கடைக்கு விமானத்தில் வந்த காய்கறி இறங்கும் நாள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, வல்லாரை, பச்சை மிளகாய் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. பெட்டி பிரிக்கும் முன்பே வாசலில் கூட்டம். கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டே வருகிறார்கள். இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்று, சில குடும்பங்களுக்கு இரண்டு. என்ன வேண்டும் என்று அண்ணாச்சி யாரையும் கேட்பதில்லை. இவருக்குக் குத்தரிசி, அந்த மாமிக்குச் சர்க்கரை வியாதி, பாகற்காய் எடுத்து வைத்திருக்கிறேன், உன் மகள் பரீட்சை முடித்துவிட்டாளா என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்.

நடுவில் ஒரு பெண் கடிதத்தோடு வந்தார். “அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. ஆன்ட்ராக் திரும்பி வந்திட்டுது.” அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். “ஒரு கையெழுத்துத்தான் விட்டுப்போச்சு பிள்ளை. பயப்பிடாதை. நான் அடிச்சு டெர்மீன் எடுத்துத் தாறன்” என்று அங்கேயே போன் போட்டு, அலுவலகத்தில் பார்க்க ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அந்தப் பெண் போகும்போது கூடை நிறையக் காய் வாங்கிப்போனார். பாதி பலசரக்குக் கடை, பாதி தாலுகா ஆபீஸ். எர்லாங்கனிலும் இப்படித்தான் ஓகோவென்று நடக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வேன் நிறையச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கட்டடக்காரருக்குப் பதில் சொல்லும் முன் சனிக்கிழமை அங்கே ஒரு மண்டபத்தில் ஒருநாள் விற்பனை போட்டுப் பார்த்துவிடலாம் என்பது ஏற்பாடு. அண்ணாச்சி தன் கடையில் எது நன்றாக ஓடுமோ அதையெல்லாம் ஏற்றியிருந்தார். இருபது கிலோ மூட்டை மட்டும் நாற்பது.

பாதி வழியில் வேனின் பின்கதவுத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. கதவு திறந்து திறந்து மூட, பின்னால் வந்த கார்க்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக் கையை ஆட்டினார்கள். நான் ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று பதிலுக்குக் கையை ஆட்டினேன். ஓய்விடத்தில் ஒதுக்கி நிறுத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கயிறு கேட்டு அண்ணாச்சி அலைந்தபோது, லாரியை நிறுத்திவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு பெரிய மீசைக்காரர் இறங்கி வந்து, சரக்குக் கட்டும் வார் ஒன்றைக் கொடுத்தார். பெயர் யூர்கன். அவர் லாரியில் நான் கேள்விப்படாத ஒரு கடையின் பெயர் இருந்தது.

தொழில் ஒன்றானால் பாஷை தடையில்லை. அண்ணாச்சி நடுவில் நின்று சொல்லச் சொல்ல, மூவரும் கால்மணி நேரம் பேசினோம். உங்கள் கடை டுசல்டோர்ஃபில் ஏன் இல்லை என்று கேட்டேன். யூர்கன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னதை அண்ணாச்சி தன் பாஷையில் சொன்னார்: “இவர் விடிய கிட்டங்கியிலை ஏத்திறாராம். ஏழு கடைக்கு இறக்குவாராம். பின்னேரம் வீட்டிலை மனிசியோடை சாப்பாடு. டுசல்டோர்ஃபிலை ஒரு கடை போட்டால், அந்த ஒரு கடைக்காக லொறி அரைவாசி வெறுமையாய் அவ்வளவு தூரம் ஓட வேணும். பால் பழசாகும், பாண் ரொட்டி காயும். போற இடத்திலை இவையின்ர தயிரை ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச சனத்துக்குப் பக்கத்திலை இன்னொரு கடை போட்டால் அதே லொறியிலை இன்னும் ரெண்டு பெட்டி, அவ்வளவுதானாம்.”

எனக்குச் சுருக்கென்றது. திண்டுக்கல் நினைவு வந்துவிட்டது. அண்ணாச்சியிடம் நான் சொல்லாத கதை அது. கோவில்பட்டியில் ஓடுகிறதே என்று திண்டுக்கல்லில் ஒரு கடை போட்டு, ஒன்பதே மாதத்தில் மூடினோம். லாரி பாதி காலியாகப் போனது, கீரை வாடிப் போனது, அந்த ஊர்ப் பெண்கள் கேட்ட எண்ணெய் எங்களிடம் இல்லை, நாங்கள் வைத்த மேனேஜருக்கு ஒரு முகமும் தெரியாது. அதற்கு நான் கண்டுபிடித்த ஒரே காரணம் என் வீட்டுக்காரர். இப்போதும் அதை நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. போர்டு ஆசை அப்படி.

எர்லாங்கன் போய்ச் சேர்ந்ததும் பசிக்கு ஒரு ஓட்டலில் பாதிக் கெண்டை மீனை வாலோடு பொரித்துக் கொடுத்தார்கள். பக்கத்துக் குளங்களில் வளர்ப்பதாம், குளிர் மாதங்களில்தான் கிடைக்குமாம். மொறுமொறுவென்று இருந்தது. டுசல்டோர்ஃபில் இதை யாரும் கண்ணிலும் காட்டவில்லை. கூடவே வெள்ளையாக ஒரு கிழங்குத் துருவல். குதிரை முள்ளங்கி என்று ஏதோ சொன்னார்கள். டுசல்டோர்ஃப் கடுகில் பட்ட அனுபவத்தால் இந்தத் தடவை நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தேன். அப்படியும் கண்ணீர் வந்தது.

சனிக்கிழமை காலை மண்டபத்து வாசலில் வந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈரோடு, கரூர், தென்காசி, நாகர்கோவில் என்று நம் ஊர்ப் பிள்ளைகள். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று மெல்லக் கேட்டார்: “தங்கச்சி, உவை எல்லாரும் ஏன் சைக்கிளிலை வருகினம்?”

அந்த ஊரில் எல்லோரும் சைக்கிள்தான். ஆபீசுக்கும் சைக்கிள், சினிமாவுக்கும் சைக்கிள். டுசல்டோர்ஃபில் முப்பது வருடமாகக் கார் டிக்கிக்குள் மூட்டையைத் தூக்கிப் போட்ட மனிதருக்கு, அரிசி வாங்க ஒருவன் முதுகுப் பையோடு வருவான் என்று தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

விற்பனைக்கு ஏற்பாடு செய்த ஈரோட்டுப் பெண் பிரவீணா மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள். “ஆன்ட்டி, டுவென்டி கேஜியா! என் கிச்சனே அந்த சைஸ்தான் இருக்கும். லூஸ்ல ரெண்டு கிலோ தருவீங்களா?”

“ஏலாது பிள்ளை. முத்திரை வைச்ச தராசு கொண்டு வரேல்லை” என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

வறுத்து அரைத்த யாழ்ப்பாணக் கறித்தூளைத் திறந்து மோந்து பார்த்த ஒரு பையன், “லைட்டா தீஞ்ச மாதிரி இருக்கே அங்கிள்” என்றான். அண்ணாச்சிக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. ரஞ்சி அக்கா தன் கையால் பக்குவம் பார்த்த தூள் அது. “தம்பி, அது தீயேல்லை. அதுதான் அதின்ர வாசம்” என்று சொல்லி, மூடியைப் பிடுங்கி மூடினார். சிவப்பரிசி மாவை எடுத்து இது சத்து மாவா என்று கேட்டார்கள். சாம்பார் பொடி, இட்லி அரிசி எங்கே என்று தேடினார்கள். நான் கொண்டுபோன கடலை மிட்டாய் மட்டும் அரைமணி நேரத்தில் தீர்ந்துபோனது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கலாம் அல்லவா?

தென்காசிப் பையன் ஒருவன் மட்டும் ரோஷத்தோடு ஒரு மூட்டை வாங்கினான். அண்ணாச்சி முகத்துக்காகத்தான் வாங்கினான் என்று நினைக்கிறேன். சைக்கிளில் மூட்டை கட்டுவது எனக்குக் கைவந்த கலை. சின்ன வயதில் எங்கள் அப்பா கடையில் எழுபத்தைந்து கிலோ மூட்டையையே கட்டி அனுப்பியிருக்கிறேன். முந்தானையைச் செருகிக்கொண்டு கட்டினேன். ஆனால் அந்தச் சைக்கிளுக்கு இருந்தது கேரியரா, கம்பியா என்று தெரியவில்லை. பையன் ஏறி ஒரு மிதி மிதித்ததும் முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்பியது. பையன் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். அரிசி நடுரோடெல்லாம் சிதறிவிட்டது.

எதிர்வீட்டு ஜெர்மன் அம்மா ஒருவர் விளக்குமாறோடு வேகமாக வந்தார். கூட்டத்தான் வருகிறார் என்று நெகிழ்ந்துபோனேன். விளக்குமாற்றை என் கையில் கொடுத்துவிட்டு, முடித்ததும் கதவோரம் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று எர்லாங்கன் தெருவைக் கூட்டியவள் நான்தான்.

மாலை பிரவீணா தேநீர் கொடுத்து உட்கார வைத்தாள். “அரிசி பருப்பெல்லாம் ஆன்லைன்ல போட்டா டோர் டெலிவரி வந்துரும் ஆன்ட்டி. எங்களுக்கு கிடைக்காதது ஃப்ரெஷ் முருங்கைக்காய், கறிவேப்பிலைதான். அதுக்குன்னா வீக்லி வருவோம். ஆனா நாங்களே எவ்வளவு நாள் இருப்போம்னு தெரியாது. ப்ராஜெக்ட் முடிஞ்சா வேற ஊரு. போன வருஷம் குரூப்ல இருந்தவங்க பாதிப் பேர் இப்ப இல்ல.”

நான் எழுந்துபோய் வேனில் இருந்த கறிவேப்பிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வியாழக்கிழமை பச்சைப்பசேலென்று வந்து இறங்கியது, சனிக்கிழமை கறுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தொன்பது மூட்டையோடு திரும்பினோம். ஜெர்மனியில் அன்று கடையும் இல்லை, லாரியும் ஓடாது. ஓய்விடங்களில் லாரிகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அண்ணாச்சி வழி முழுக்கத் திட்டம் போட்டார். “சின்னப் பை போடுவம். தராசு வாங்குவம். தூளை ரெண்டு விதமாய் வைப்பம். என்ன தங்கச்சி?” நான் “பாக்கலாம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரே ஒரு கடைக்காகப் பாதி காலியாக ஓடப்போகும் லாரி இவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் என் போர்டு போய்விடும். அந்த ஐந்து மணி நேரமும் நான் நல்லவளாக இல்லை.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குக் கடையில் இருந்தோம். அண்ணாச்சி போனைக் கல்லாப்பெட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஞ்சி அக்கா பருப்புப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கடிதம் கொண்டுவந்த அதே பெண் ஓடிவந்து, ஆபீசில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போனதும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“இப்ப சொல்லுங்கோ தங்கச்சி. உங்கட வாயாலை கேட்டுட்டு அடிக்கிறன்.”

வாயில் வந்துவிட்டது சரி என்ற சொல். விழுங்கினேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. நீங்க இங்கயே இருங்க.”

நான் திண்டுக்கல் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். மூடியதற்கு வீட்டுக்காரரைக் குறை சொன்னதையும் சொன்னேன். “உங்க கடை அரிசியிலயும் தூளுலயும் ஓடல. உங்களால ஓடுது. உங்கள ரெண்டா வெட்டி ரெண்டு ஊருல வைக்க முடியாது. இன்னொரு கடை போடணும்னா, வியாழக்கிழமை காய் எறக்கிட்டு ராத்திரி அக்கா கையால சாப்பிட வீட்டுக்கு வந்துரலாம்ல, அந்தத் தூரத்துல போடுங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். போர்டு மேல உள்ள ஆசையில சொல்லல. என்னைய மன்னிச்சிருங்க.”

அண்ணாச்சி போனை எடுத்து, கட்டடக்காரரிடம் ஜெர்மனில் நாலே வாக்கியம் பேசிவிட்டு வைத்தார்.

“நானும் இதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றார் ரஞ்சி அக்கா, பொட்டலத்தைப் பார்த்தபடியே.

“சொல்லியிருக்கலாமே அக்கா?”

“அவர் என்னைக் கேட்டவரோ?”

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “எனக்கு இருபது வயசிலை, சண்டை கிட்ட வந்திட்டுது எண்டு அம்மா ‘போ’ எண்டு சொன்னவ. கொழும்பிலை நான் தங்கி நிண்ட வீட்டுக்காரரும் ‘போ’ எண்டவை. இஞ்சை வந்தால் ஒரு முகாமிலை இருந்து மற்ற முகாமுக்கு ‘போ’ எண்டவை. இவ்வளவு காலத்திலை என்னை ‘இரு’ எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் தங்கச்சி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்து அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டார். அண்ணாச்சி தராசுப் பக்கம் கையை நீட்டினார். கழற்றிய கண்ணாடி இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது. நான் வெண்டைக்காயை எடுத்து நிறுத்துக் கொடுத்தேன்.